பெயரும் நாளும்: சிங்கப்பூர்த் தமிழரும் போர்வீரர் நினைவும்

முன்னுரை

2023ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் தீபாவளி. அதே நாள் பொதுநலவாய நாடுகள் பலவற்றில் போரில் மாண்ட வீரர்களை நினைவுகூரும் 'நினைவு ஞாயிறு'மாகவும் அமைந்தது. நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு என்னும் ஆங்கில நாட்காட்டிக் கணக்கும் ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி என்னும் நம்முடைய கணக்கும் இவ்வாறு ஒரே நாளில் வந்து சேர்வது அரிது. அதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவ்விரு நாள்களுக்கும் இடையே ஏதேனும் உறவு இருக்கக்கூடும் என்னும் எண்ணம் தமிழரிடையே எழுவதே இல்லை. சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகளுக்கும் கிராஞ்சிக் குன்றின் வெண்கற்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். ஆனால் மனத்தளவில் அது மிக நீண்ட தொலைவு.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் படைக்கலம் ஏந்தியோர் மூவகையினர். பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் அதன் துணைப்பிரிவுகளிலும் பணியாற்றியோர் முதல் வகையினர். 1942க்கும் 1945க்கும் இடையில் இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தோர் இரண்டாம் வகையினர். 1967 முதல் தேசிய சேவையின்கீழ்ச் சீருடை அணிந்தோர் மூன்றாம் வகையினர். இம்மூவருக்கும் போற்றுதல் உண்டு. ஆனால் அது ஒரே தன்மைத்தாக இல்லை. ஒரு சாராருக்குப் பெயர்கள் உண்டு, சமுதாயம் தனக்குரியதாகக் கொண்டாடும் நாள் இல்லை. மற்றொரு சாராருக்கு நாள் உண்டு, பெயர்ப்பட்டியல் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு எவ்வாறு உருவாயிற்று, அதனைச் சமுதாயத் திருநாளொன்றின் வழியே ஈடுசெய்ய இயலுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

நடுகல் மரபும் படையலும்

போர்வீரரைப் போற்றும் முறையைத் தமிழர் பிறரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவரல்லர். தொல்காப்பியப் புறத்திணையியல், வெட்சித்திணையின் பகுதியாக, வீழ்ந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையை ஆறு படிகளாக வகுத்துள்ளது. தக்க கல்லைத் தேடிக் காணுதல், அதனைக் கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், பெரும்படை, வாழ்த்து என அவை அமைகின்றன. இவற்றுள் முதல் நான்கும் ஒருமுறை நிகழ்ந்து முடிபவை. பெரும்படையும் வாழ்த்தும் அப்படியல்ல. பெரும்படை என்பதைப் படையலோடு கூடிய சிறப்புச் செய்தலாகக் கொள்வோமாயின், அது மீண்டும் மீண்டும் நிகழ வேண்டியது; அதற்கு ஒரு நாள் வேண்டும்; படைப்போர் வேண்டும்; யாருக்குப் படைக்கிறோம் என்பது தெரிந்திருக்கவும் வேண்டும்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லை முன்வைத்து ஔவையார் பாடிய புறப்பாடலில், மயிற்பீலி சூட்டப்பட்ட கல்லின்முன் சிறுகலத்தில் கள் உகுக்கப்படுகிறது. நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று அவர் கேட்கிறார். இங்குக் கல் ஊமையாக நிற்கவில்லை. அது இன்னானுடைய கல் என்று கூடியிருப்போர் அறிவர். அவனுடைய இயல்பும் அவர்களுக்குத் தெரியும். ஆர்க்கலியான புகழுரையைவிட அந்த அறிமுகமே பாடலுக்கு உயிர் தருகிறது. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களிலும் இதே தன்மையைக் காணலாம். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்பன ஓரிரு வரிகளில் பொறிக்கப்பெற்றுள்ளன. பெயர் தெரியாத வீரனுக்குப் பொதுவாக ஒரு கல் எடுப்பது ஐரோப்பாவில் முதல் உலகப் போருக்குப்பின் பரவிய வழக்கம். நம் மரபில் கல்லின் முதற்பொருளே பெயர்தான்.

இந்தப் பெயரும் படையலும் சிங்கப்பூர், மலேசியத் தமிழரின் வீடுகளில் இன்றும் உயிரோடு உள்ளன. தீபாவளிக்கு முதல் நாள் இறந்த முன்னோர்க்கு இலை போட்டு, அவர்கள் விரும்பி உண்ட உணவு வகைகளையும் புத்தாடையையும் வைத்துப் படைப்பது இங்குள்ள பல குடும்பங்களின் வழக்கம். மறுநாள் விருந்தினர்க்கும் பலகாரத்திற்கும் உரியது. முதல் நாளோ இறந்தவர்க்குரியது. தமிழகத்தில் ஆடி, தை அமாவாசைகளில் நிகழும் முன்னோர் வழிபாட்டின் பெரும்பங்கு இங்குத் தீபாவளியோடு இணைந்துவிட்டது எனலாம். விடுமுறை கிடைக்கும் நாளிலேயே தோட்டத்தொழிலாளியும் நகரத்தொழிலாளியும் ஒன்றுகூட முடிந்தது என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

எஸ்பிளனேட் பூங்காவின் மூன்று கற்கள்

வீட்டுப் படையலிலிருந்து பொதுவெளிக்கு வருவோமாயின் முதலில் காணத்தக்கது எஸ்பிளனேட் பூங்கா. பாடாங் திடலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள இச்சிறு பூங்காவில் சில நிமிட நடைதூரத்துக்குள் மூன்று போர் நினைவிடங்கள் உள்ளன. அவை மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்ட மூன்று விசுவாசங்களுக்குரியவை.

முதலாவது, முதல் உலகப் போரில் மாண்டோர்க்காக எழுப்பப்பெற்று, 1922 மார்ச் 31 அன்று பிரிட்டிஷ் இளவரசரால் திறந்துவைக்கப்பட்ட நினைவுத்தூண். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதன் மறுபுறமும் அப்போரில் மாண்டோர்க்கு உரித்தாக்கப்பட்டது. நாம் வாழ அவர்கள் மாண்டனர் என்னும் பொருள்பட அங்குள்ள வாசகம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இடம்பெற்றுள்ளது. தமிழும் அவற்றுள் ஒன்று. இரண்டாவது, சப்பானியரை எதிர்த்துத் தலைமறைவுப் போர் நடத்திச் சிறையில் மாண்ட லிம் போ செங்கின் நினைவு மண்டபம். இது 1954இல் திறக்கப்பட்டது. மூன்றாவது, இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம் இருந்த இடத்தைக் காட்டும் அடையாளக்கல். நினைவுத்தூணும் லிம் போ செங் மண்டபமும் அருகிலுள்ள டான் கிம் செங் நீரூற்றும் 2010இல் தேசிய நினைவுச்சின்னங்களாக ஒருசேர அறிவிக்கப்பட்டன. மூன்றாவது கல் அந்தத் தொகுப்பில் இல்லை. 'சின்னம்' என்பதற்கும் 'சின்னம் இருந்த இடம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

அந்த வேறுபாட்டின் வரலாறு சுருக்கமானது. 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் அங்கு அடிக்கல் நாட்டினார். போர் தோல்வியில் முடியும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. பர்மாவிலிருந்து பின்வாங்கிய படையின் துயரம் இன்னும் ஆறாத நேரம். வெற்றித்தூண் எழுப்புவதற்குரிய காலமன்று அது. ஆகவேதான் எழுந்தது வீழ்ந்தோர்க்கான தூண். கட்டுமானப் பொறுப்பை ஏற்ற கர்னல் சிரில் ஸ்ட்ரேசி சில வாரங்களுக்குள் பணியை முடித்தார். 'இத்தெஃபாக், இத்மத், குர்பானி' (ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்) என்னும் படையின் முழக்கச்சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. ஆகஸ்டு நடுவில் போஸ் சிங்கப்பூரை விட்டுச் சென்றார். செப்டம்பர்த் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை திரும்பியது. தென்கிழக்காசியப் படைத்தலைவர் மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி நினைவுச்சின்னம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அது நின்ற காலம் மாதக் கணக்கில்கூட அடங்காது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, போர் முடிந்த பொன்விழா ஆண்டாகிய 1995இல், தேசிய மரபுடைமைக் கழகம் இரண்டாம் உலகப் போர் தொடர்பான 11 இடங்களை வரலாற்று இடங்களாக அறிவித்தபோது இவ்விடமும் அதில் சேர்ந்தது. விரித்த நூல் வடிவில் அடையாளக்கல் வைக்கப்பட்டது. 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இங்கு வந்து மரியாதை செலுத்தினார். தகர்த்தவர்கள் நினைத்ததற்கு மாறாக, அரைநூற்றாண்டுக்குப்பின் இக்கல் பிறநாட்டுத் தலைவர் வணங்கும் இடமாயிற்று. ஆயினும் இதில் எவருடைய தனிப்பெயரும் தேடப்படுவதில்லை. போஸின் பெயர் மட்டுமே நினைவில் நிற்கிறது.

கோயிலில் ஒரு தசரா

இந்தப் படை சிங்கப்பூரில் உருவான முறையை நோக்கினால், விழாவும் வீரமும் அன்று எவ்வளவு நெருங்கி இருந்தன என்பது விளங்கும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் ஒன்று திரட்டப்பட்டுச் சப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் அங்குத்தான் அவர்களைத் தம் படையில் சேர அழைத்தார். முன்பு குதிரைப்பந்தயத் திடலாக இருந்த அந்த வெளி லிட்டில் இந்தியாவின் விளிம்பிலேயே உள்ளது. பக்கத்துச் சாலைக்கு இன்றும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்றே பெயர். சேர்ந்தோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. மறுத்தோரில் பலர் நியூ கினி வரை கைதிகளாக அனுப்பப்பட்டு அங்கேயே மாண்டனர். அன்று ஒரே திடலில் நின்ற மனிதர்கள் பின்னர் இரு வேறு நினைவிடங்களுக்குரியவராயினர் என்பதை இங்குக் குறித்துக்கொள்வது நலம்.

1943 ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில் போஸ் தலைமை ஏற்றார். மறுநாள் பாடாங்கில் படையைப் பார்வையிட்டுத் தில்லியை நோக்கி நடக்குமாறு அழைத்தார். அக்டோபர் 21 அன்று அதே கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார்.

இவற்றுக்கிடையே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. தசரா விழாவையொட்டிச் செட்டியார் கோயிலுக்கு வருமாறு போஸ் அழைக்கப்பட்டார். எல்லாச் சாதியினருக்கும் எல்லாச் சமயத்தினருக்கும் இடம் தராத கோயிலுக்குத் தாம் வர இயலாது என்று அவர் மறுத்தார். கோயில் சார்பில் வந்தோர் இணங்கினர். தம் இருபுறமும் அபித் ஹசன், முகமது ஜமான் கியானி என்னும் இசுலாமிய அதிகாரிகள் நடந்துவர அவர் கோயிலுக்குள் சென்றார். உடன்சென்ற அபித் ஹசனே இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர். இந்நிகழ்ச்சி சமய நல்லிணக்கத்துக்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது, அது சரியே. ஆனால் வேறொரு கோணமும் உண்டு. படைக்கலங்களை வைத்து வணங்கும் ஆயுத பூசைக் காலத்தில், ஒரு வணிகச் சமுதாயம் தன் சொந்தத் திருநாளில் படைவீரர்களை விருந்தினராக ஏற்றுப் போற்றியது. அவ்வாறு போற்றும்பொருட்டுத் தன் வாயிலின் அளவையும் மாற்றிக்கொண்டது. போற்றுதல் என்பது போற்றப்படுவோரை மட்டுமின்றிப் போற்றுவோரையும் ஏதேனும் ஒன்றைக் கொடுக்கச் செய்ய வேண்டும். இன்றைய மேடைகளில் போர்த்தப்படும் பொன்னாடைகளை நினைத்துப் பார்க்கையில் அந்த 1943ஆம் ஆண்டுத் தசரா ஓர் அளவுகோலாகத் தோன்றுகிறது.

நாள் உண்டு, பெயர் இல்லை

1943க்குப்பின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த பொதுமக்களுள் பெரும்பான்மையோர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர். கூட்டங்களில் போஸின் உரைகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. படையின் ஆணைமொழியோ உரோமன் எழுத்தில் கற்பிக்கப்பட்ட இந்துஸ்தானி. கங்காணியின் குரலுக்கு அஞ்சிப் பழகிய ஒருவன் காக்கிச்சட்டை அணிந்து ஓர் அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்றதன் பொருளை அரசியல் வரலாறு மட்டும் முழுமையாக உணர்த்திவிடாது. ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்களே மிகுதி. அவர்களின் எண்ணிக்கை ஆயிரம் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. எஞ்சியிருந்தோரை நேர்கண்டு ஆய்ந்த வேரா ஹில்டபிராண்டு 2016இல் வெளிவந்த தம் நூலில் ஏறத்தாழ 450 என்னும் முடிவுக்கு வந்தார்.

எண்ணிக்கையே இவ்வாறு இருமடங்கு வேறுபடுமாயின் பெயர்களின் நிலை என்ன என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆவணங்களுள் பல, படை தோற்ற நாள்களில் அதைச் சேர்ந்தோராலேயே அழிக்கப்பட்டன. எதிரியின் கையில் பெயர்ப்பட்டியல் சிக்கக்கூடாது என்னும் அன்றைய நியாயமான அச்சமே இன்றைய மறதிக்கு ஒரு காரணம். போர்க்கைதிகளாயிருந்து சேர்ந்தோரைப் பிரிட்டிஷார் இந்தியாவிற்குக் கொண்டுசென்று விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தினர். ஆகவே அவர்களைப் பற்றிய கோப்புகள் மிகுந்துள்ளன. தோட்டத்திலிருந்து சென்ற தமிழரோ சீருடையைக் கழற்றிவிட்டு மீண்டும் பால்வெட்டும் கத்தியை எடுத்தனர். விசாரிக்கப்படாததால் அவர்கள் எழுதப்படவும் இல்லை. தண்டனைக்குத் தப்பியது நன்று. ஆனால் அதே காரணத்தால் ஏட்டுக்கும் தப்பிவிட்டனர்.

1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய தொடர்வண்டி தாக்கப்பட்டபோது ஜான்சி ராணிப் படையைச் சேர்ந்த இருவர் மாண்டனர். ஸ்டெல்லா, ஜோசஃபின் என்னும் அவர்களின் பெயர்கள் தோழியரின் நினைவிலிருந்து நூல்களுக்கு வந்து சேர்ந்தன. எந்தக் கல்லிலிருந்தும் வந்தவை அல்ல அவை. தந்தை பெயரும் ஊரும் சேர்ந்த முழுப்பெயராக அவை வழங்குவதும் இல்லை. செங்கத்துக் கல்லில் ஒரு மாடு மீட்டவனுக்குக் கிடைத்த அளவு விவரம்கூட இவ்விருவர்க்கும் கிடைக்கவில்லை.

நாள்களுக்கோ குறைவில்லை. போஸ் பிறந்த ஜனவரி 23ஐ இந்திய அரசு 2021இல் 'பராக்கிரம நாள்' என அறிவித்தது. 2018 அக்டோபர் 21 அன்று தற்காலிக அரசின் பவளவிழாவையொட்டிச் செங்கோட்டையில் கொடியேற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் தொண்ணூறு வயது கடந்த முன்னாள் வீரர்கள் நால்வர் முதன்முறையாகப் பங்குகொண்டனர். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவையாவும் தில்லியின் நாள்கள். தோட்டத்துத் தமிழன் அந்த நாள்களில் 'அயலகத்து இந்தியன்' என்னும் பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறான். கேப்டன் லட்சுமி 2012இல் கான்பூரிலும், படையில் அவர்க்கு அடுத்த நிலையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் 2014இல் கோலாலம்பூரிலும் காலமாயினர். இவ்விருவரின் பெயர்களும் நமக்கு நன்கு தெரியும். அவர்களின் ஆணைக்கு அணிவகுத்தோரின் பெயர்கள் பேரப்பிள்ளைகளின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

பெயர் உண்டு, நாள் இல்லை

கிராஞ்சிப் போர் நினைவிடம் இதற்கு நேர்மாறான காட்சி. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பிலுள்ள அங்கு இரண்டாம் உலகப் போரில் மாண்ட 4,400க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் உள்ளன. 1957இல் திறக்கப்பட்ட நினைவுச்சுவர்களில் கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியப் படையினரின் பெயர்கள் ஏராளம். சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேர்க்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர்க்கு, தனி நினைவுச்சின்னமும் உண்டு. ஆணையத்தின் பதிவேட்டில் பல இந்திய வீரர்க்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன. நடுகல் கேட்கும் விவரங்கள் அனைத்தும் அங்கு உள்ளன என்றே சொல்லலாம்.

இல்லாதது படையல். நினைவு ஞாயிறன்று அங்குத் தூதரகத்தினரும் படைத்துறையினரும் முன்னாள் வீரர் அமைப்பினரும் கூடி மலர்வளையம் வைக்கின்றனர். தமிழ்ச் சமுதாயம் அதைத் தன் நாளாகக் கருதியதில்லை. பேரரசின் கூலிப்படையாகப் போனவர்கள் என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. அவ்வெண்ணத்தை முற்றும் மறுப்பதற்கில்லை. முற்றும் ஏற்பதற்கும் இல்லை. வேலூர், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவன் பேரரசின் கொள்கைக்கு வாக்களித்துச் சேரவில்லை. மாதச் சம்பளத்திற்கும் வீட்டாரின் சோற்றுக்கும் சேர்ந்தான். மலாயாத் தோட்டத்திற்குக் கப்பலேறியவனும் அதே காரணத்திற்காகவே ஏறினான். பின்னவனைத் தியாகி என்றும் முன்னவனைக் கூலி என்றும் பிரிக்கும் கோடு, அவர்கள் 1942இல் எந்த இடத்தில் நின்றனர் என்னும் தற்செயலையும் பெரிதும் சார்ந்தது.

இங்கிலாந்தில் ஆய்வு மாணவனாக இருந்த ஆண்டுகளில், நவம்பர் மாதத்தில் சட்டைகளில் செந்நிறத் தாள்மலர் தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். பேருந்து ஓட்டுநர், பேராசிரியர், மளிகைக்கடைக்காரர் என எல்லோரும் அணிந்தனர். போரை ஆதரித்தோரும் அணிந்தனர், எதிர்த்தோரும் அணிந்தனர். அந்த மலருக்கும் அரசியல் உண்டு. வெண்ணிற மலர் அணிந்து மாற்றுக் குரல் எழுப்புவோரும் அங்கு உளர். ஆனால் ஊர்தோறும் உள்ள தூணில் அந்தந்த ஊராரின் பெயர்கள் இருப்பதனால்தான் வழக்கம் நிலைத்தது என்பதே என் கருத்து. தன் தெருவில் வாழ்ந்தவனின் குடும்பப்பெயரைக் கல்லில் காண்பவனுக்கு அந்நாள் அரசு நாளாக மட்டும் இருப்பதில்லை.

மூன்றாம் வகையினராகிய தேசிய சேவையாளரைப் பற்றி இங்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. 1967க்குப்பின் சிங்கப்பூர்த் தமிழ் ஆடவர் பெரும்பாலும் அனைவருமே முன்னாள் படைவீரர்தாம். ஆண்டுதோறும் ஜூலை 1 ஆயுதப்படை நாளாகவும், 1998 முதல் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாளாகவும் அனுசரிக்கப்படுகின்றன. பெயரும் உண்டு, நாளும் உண்டு. இனம் பிரித்துப் போற்ற வேண்டிய தேவையும் இங்கு எழவில்லை. எனினும் இவர்களே அடுத்து வரும் கருத்துக்கு வழியமைக்கின்றனர். துப்பாக்கி தூக்கிய தமிழன் என்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ஒவ்வொரு வீட்டிலும் சீருடை தொங்குகிறது. தாத்தாவின் சீருடையைப் பற்றிக் கேட்கும் தகுதி பேரனுக்கு இயல்பாகவே வந்துவிட்டது.

தீபாவளிக்கு முதல் நாள்

புதியதொரு நினைவு நாளை உருவாக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. சமுதாயம் தானே ஒரு நாளை அமைத்துக்கொள்ள வல்லது என்பதற்கு 1952இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் சான்று. தைப்பொங்கலைச் சமயங்கடந்த பொதுநாளாக்கிய முயற்சி அது. ஆயினும் போர்வீரர் நினைவுக்குப் புதுநாள் வேண்டியதில்லை; தீபாவளிக்கு முதல் நாள் ஏற்கெனவே இறந்தோரின் நாளாக இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் சொல்லப்படும் பெயர், அந்த ஒரு மாலையில் வெளியிலும் சொல்லப்படுமாயின் போதுமானது. கிறித்தவ, இசுலாமியத் தமிழ்க் குடும்பங்களையும் கருதவேண்டியுள்ளதால் அந்தப் பொதுநிகழ்வு வழிபாடாக அமையாமல் பெயர் வாசிப்பாக அமைவதே பொருந்தும். ஸ்டெல்லாவும் ஜோசஃபினும் யாருடைய இலையில் இடம்பெறுவர் என்னும் கேள்வியே இதற்குப் போதிய காரணம்.

இடத்திற்கும் குறைவில்லை. 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் விழாக்காலக் கூட்டத்தின் நடுவிலேயே உள்ளது. தீபாவளிச் சந்தைக்கு வரும் குடும்பங்கள் அதன் வாசலைக் கடந்தே செல்கின்றன. விழாவுக்கு முந்திய வாரங்களில் அங்கு ஒரு பதிவேடு திறந்து வைக்கப்படலாம். அதில் கேட்கவேண்டியவை மிகச் சிலவே: பெயர், தந்தை பெயர், ஊர் அல்லது தோட்டம், சேர்ந்த படை, சேர்ந்த ஆண்டு, திரும்பிய ஆண்டு அல்லது திரும்பாமை. படை என்னும் கட்டத்தில் எதை எழுதினாலும் ஏற்கப்பட வேண்டும். பதிந்த பெயர்களை முதல் நாள் மாலையில் வாசிக்கலாம்.

இம்முயற்சியில் எச்சரிக்கையும் தேவை. குடும்ப நினைவு மிகையின்றி இராது. உணவு சமைத்துக் கொடுத்தவர் காலப்போக்கில் பீரங்கி இயக்கியவராகிவிடுவதும் உண்டு. ஆகவே பதிவேட்டில் சான்றுள்ள செய்தியையும் சொல்லக்கேட்ட செய்தியையும் வேறுபடுத்திக் குறிக்க வேண்டும். பழைய நிழற்படம், பதக்கம், கடிதம், சிறை விடுதலைத் தாள் ஆகியவற்றின் படி எடுத்துவைக்க வேண்டும். இந்தியாவில் 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்திற்கு விண்ணப்பித்த குடும்பங்களிடம், உடன் பணியாற்றியோரின் சான்றுரைகள் இருக்க வாய்ப்புண்டு. ஒருவர்க்காக எழுதப்பட்ட சான்றுரையில் பிறர் இருவர் மூவரின் பெயர்களும் இடம்பெறுவது இயல்பு. அத்தகைய தாள்கள் தமிழகத்துச் சிற்றூர் வீடுகளின் இரும்புப்பெட்டிகளிலும் இருக்கலாம். மலாயாவிலிருந்து போருக்குப்பின் ஊர் திரும்பிய குடும்பங்கள் சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை வட்டாரங்களில் உள்ளன. எனவே சிங்கப்பூரில் திறக்கப்படும் பதிவேட்டின் ஒரு படி அங்கும் செல்ல வேண்டியிருக்கும்.

1943இல் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்த ஒருவர் 2025இல் நூறு வயதை எட்டியிருப்பார். அவரிடம் நேரில் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர் சொல்லக் கேட்ட மகனும் மகளும் எழுபதுகளில் இருக்கின்றனர். தோட்டத்தின் பெயர், உடன் சென்ற நண்பரின் பெயர், முகாமில் பாடிய பாட்டின் முதலடி ஆகியவை அவர்களிடம் உள்ளன. பதிவேட்டின் முதற்பக்கங்களை நிரப்ப வேண்டியவர்கள் அவர்களே.